துபாசியின் ஏடுகளில் போரும் குற்றமும்

புதுச்சேரி நகரை விட்டு வடக்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் சாலையில் கோட்டக்குப்பத்தைக் கடந்தால் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பிள்ளைச்சாவடி என்று ஊர்கள் வரும். மூன்று ஊர்ப்பெயர்களிலும் 'சாவடி' என்னும் சொல் நின்று நிலைத்திருக்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறும் இடம் சாவடி என்பது எல்லாரும் அறிந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் வழங்கியது. தமிழ்க் குடிகளின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புக் கூறிய மன்றமும் சாவடியே. பிரெஞ்சுக்காரர் அதனைத் தம் நாவுக்கு இசைந்தபடி 'சோத்ரி' என்றனர். அம்மன்றம் 1766 முதல் 1817 வரை வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1999-இல் நூலாக வெளியிட்டுள்ளது.

ஒரு பக்கம் வழி, மறுபக்கம் வழக்கு. 1746-இல் சென்னையிலிருந்த பிரெஞ்சுப் படைக்குத் துணையாகப் பராதி என்னும் தளபதி நடத்திச் சென்ற பட்டாளம் கடற்கரை வழியாகவே வடக்கே போயிற்று. அதே காலத்தில் நகரத்துச் சாவடியில் களவும் கடனும் கைகலப்பும் விசாரணைக்கு வந்துகொண்டிருந்தன. வழியில் நடந்ததையும் வழக்கில் நடந்ததையும் ஒரே கணக்கேட்டில், ஒரே கைநடையில், ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் எழுதி வைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவரைத் துபாசி என்கிறோம், வணிகர் என்கிறோம், புரவலர் என்கிறோம், நாட்குறிப்பாளர் என்கிறோம். வரலாற்றாசிரியர் என்று சொல்ல மட்டும் நம்மவர்க்கு இன்றும் ஒரு தயக்கம் இருக்கிறது. அத்தயக்கம் தேவையற்றது. போரையும் குற்றத்தையும் தனித்தனி இயல்களாகப் பிரித்துக்கொண்ட பிற்கால வரலாற்றாசிரியர் பலர் காணத் தவறிய ஒன்றை அவர் கண்டார். போர்க்காலத்தில் ஆட்சியே செய்யும் குற்றத்துக்கு எந்தச் சாவடியிலும் வழக்கு எடுக்கப்படுவதில்லை என்பதே அது. ஆனால் அவர் அதனை ஆட்சியின் பக்கத்தில் நின்றுகொண்டே கண்டார். அவருடைய ஏடுகளின் வலிமையும் வேதனையும் அங்கேதான் பிறக்கின்றன.

ஆனந்தரங்கர் 1709-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளையின் மகனாகப் பிறந்தார். திருவேங்கடத்தின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகர். அவர் அழைப்பின் பேரிலேயே இக்குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. வந்த சில ஆண்டுகளுக்குள் பேரிடி விழுந்தது. 1716-இல் ஆளுநர் எபேர் நைனியப்பரைச் சிறைப்பிடித்தார். குடிகளைக் கொடுமைப்படுத்தினார், கலகத்துக்குத் தூண்டினார் என்பன குற்றச்சாட்டுகள். கடைவீதியில் பலர் காண ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தொகை அபராதம், பின்னர் நாடு கடத்தல் என்று தீர்ப்பாயிற்று. சிறைக்காலம் முடியும் முன்பே, 1717-இல், நைனியப்பர் சிறையிலேயே மாண்டார்.

இவ்வழக்கில் கவிஞர்களும் மொழியறிஞர்களும் ஊன்றி நோக்கவேண்டிய ஒரு கூறு உண்டு. சாட்சிகள் தமிழில் கூறியது போர்த்துக்கீசிய மொழிக்கு மாற்றப்பட்டு, அதிலிருந்து பிரெஞ்சில் எழுதப்பட்டது. மூன்று மொழிகளைக் கடந்து வந்த சொற்களின் மீது ஒரு மனிதனின் முதுகுத்தோல் உரிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் இதுவே முதன்மையான வாதங்களுள் ஒன்றாயிற்று. நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பிரான்சு சென்று முறையிட்டார். தீர்ப்புத் தவறு என்று ஏற்கப்பட்டது, நைனியப்பரின் பெயர் மீட்கப்பட்டது, எபேர் பதவியிழந்தார். குருவப்பர் அங்கேயே கிறித்தவம் தழுவி, புனித மிக்கேல் வீரர் பட்டமும் பெற்றுத் திரும்பித் தலைமைத் துபாசியானார். 1724-இல் மறைந்தார்.

மாமன் கைதானபோது ஆனந்தரங்கருக்கு வயது ஏறத்தாழ ஏழு. துபாசி என்பவன் இரு மொழிகளுக்கு இடையே நிற்பவன் மட்டுமல்லன், இரு மொழிகளுக்கு இடையே நசுங்கக்கூடியவனும் ஆவான் என்பதை அவர் குடும்பம் குருதியால் கற்றது. பின்னாளில் யார் யாரிடம் என்ன சொன்னார், எந்த நாழிகையில் சொன்னார், உடன் இருந்தவர் யார், அதைக் கேட்டு வந்து தமக்குச் சொன்னவர் யார் என்று பிள்ளை விடாமல் எழுதி வைத்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது எனக் கருதலாம். சான்று இல்லாமல் அழிந்த மாமனின் கதை ஒருவனைக் கணக்கனாக்கும், அல்லது வரலாற்றாசிரியனாக்கும். ஆனந்தரங்கர் இரண்டும் ஆனார்.

குறிப்புகள் 1736-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் தொடங்குகின்றன. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கப்பல்களின் வரவையும் போக்கையும் எழுதப்போவதாகத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். இலக்கிய நோக்கம் எதுவும் அங்கில்லை. தமிழ் ஆண்டு, திங்கள், கிழமை, நாழிகை ஆகியவற்றோடு ஆங்கில நாளும் சேர்ந்து நிற்க, அன்றாடப் பேச்சுத் தமிழில் தெலுங்கும் பாரசீகமும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் கலந்து ஓடும் நடை அது. புணர்ச்சி விதியை எதிர்பார்த்து நூலைத் திறக்கும் புலவர் இரண்டு பக்கங்களிலேயே சலித்துப்போவார். பொறுமையோடு ஐம்பது பக்கம் கடந்தால், அக்காலத்துப் புதுச்சேரியின் வாய் பேசுவது காதில் விழத் தொடங்கும்.

குற்றங்களைப் பற்றிய குறிப்புகள் போர் தொடங்குவதற்கு முன்பே நிறைந்து கிடக்கின்றன. 1743-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று ஆள் கடத்தலைப் பற்றியது. வேலை தருவதாக ஆசை காட்டி ஏழை மக்களை அழைத்துச் சென்று அடைத்து வைத்து, இரவோடு இரவாகக் கப்பலேற்றி அடிமைகளாக விற்ற கூட்டம் பிடிபட்ட செய்தியை அதில் காணலாம். அக்காலத்தில் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கு இக்கரையிலிருந்து அடிமைகள் ஏற்றுமதியாயினர். இத்தகைய கொடுமைகளைப் பற்றிக் கும்பினியின் கணக்கேடுகளில் தேடினால் எண்ணிக்கை கிடைக்கும், விலை கிடைக்கும். ஏமாந்தவன் எப்படி ஏமாந்தான் என்பது பிள்ளையின் ஏட்டில்தான் கிடைக்கும்.

1746 மார்ச்சு 17-ஆம் நாள் இரவு வேதபுரீசுவரர் கோயிலுக்குள் இருவர் நுழைந்து தெய்வத் திருவுருவங்களின் மீது மலநீரை ஊற்றிச் சென்றனர். அக்கோயில் சம்பாக் கோயில் என்று மக்கள் வழங்கும் கிறித்தவ ஆலயத்துக்கு அண்மையில் இருந்தது. ஊர் கொதித்தது, மகாநாட்டார் கூடினர், ஆளுநர் துய்ப்ளெக்ஸ் விசாரணைக்கு ஆணையிட்டார். பிள்ளை இதனைக் களவு வழக்கை எழுதும் அதே நிதானத்தோடு எழுதுகிறார். இவ்விரவு இரண்டரை ஆண்டுகள் கழித்து நிகழப்போவதற்கு முன்னோட்டம் என்பது அன்று அவருக்குத் தெரியாது. அறியாமல் எழுதியதே அதன் சிறப்பு. முடிவைத் தெரிந்துகொண்டு எழுதும் வரலாற்றாசிரியனுக்கு இந்த நிதானம் வாய்ப்பதில்லை.

இனிப் போர். 1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். கைப்பற்றிய கோட்டையை மீட்புத்தொகை பெற்றுக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் துய்ப்ளெக்சுக்கும் மூண்ட பூசலைப் பிள்ளை பக்கம் பக்கமாக எழுதுகிறார். அக்டோபரில் அடித்த புயலில் லபூர்தொனேயின் கப்பல்கள் சிதைந்தன. நவம்பர் 4-ஆம் நாள் பராதி ஏறத்தாழ 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும் கொண்ட படையுடன் அடையாற்றைக் கடந்து, நவாபு அன்வருதீனின் மகன் மாபூசுகானின் பத்தாயிரம் பேர் கொண்ட படையை முறியடித்தார். பெரும்படையைச் சிறுபடை வென்ற அந்த நாளே கருநாடகத்தின் தலையெழுத்தை மாற்றியது என்பர் வரலாற்றாசிரியர். பிள்ளையோ வெற்றிச் செய்தி வந்தபோது ஆளுநரின் முகம் எப்படி மலர்ந்தது, தாம் அவரை என்ன சொல்லிப் புகழ்ந்தார் என்பனவற்றையும் சேர்த்தே எழுதுவார். தம்முடைய முகத்துதியைத் தாமே பதிவு செய்யும் நாணயம் எத்தனை பேருக்கு வரும்!

இதே போர்களை எழுதியவர் இராபர்ட் ஆர்ம். மலையாளக் கரையின் அஞ்சுதெங்கில் 1728-இல் பிறந்து, சென்னைக் கும்பினி ஆட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். இந்தியாவில் ஆங்கிலேயரின் படை நடவடிக்கைகளைப் பற்றிய அவர் வரலாற்றின் முதற் பகுதி 1763-இல் இலண்டனில் வெளிவந்தது. 1748-இல் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியதை ஆர்ம் நுட்பமாக விளக்குகிறார். எந்தத் திசையில் அகழ் தோண்டினர், அதில் என்ன பிழை, ஆங்கிலேயர் தரப்பில் மாண்ட ஐரோப்பியர் 1,065 பேர் என்பன போன்ற விவரங்கள் யாவும் அவரிடம் உண்டு. ஆர்மின் நூலில் புதுச்சேரி என்பது ஒரு மதில். பிள்ளையின் ஏட்டில் மதிலுக்கு உள்ளே ஊர் இருக்கிறது. குண்டு விழும் இரவில் வீட்டை விட்டு ஓடுவோர், மூடிய கடைகள், சுமையாள் கிடைக்காத தவிப்பு, ஊரை விட்டு வெளியேறும் பெண்களிடம் மதாம் துய்ப்ளெக்சின் சேவகர் வாயில்களில் செய்த கெடுபிடி பற்றிய அவர் குமுறல் ஆகிய இவையெல்லாம் போரின் பகுதியாகவே அவருக்குப் படுகின்றன.

முற்றுகை நடந்துகொண்டிருந்த 1748 செப்டம்பர்த் திங்களின் முதற் பகுதியில்தான் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. முன்னிருந்த ஆளுநர்களிடம் பாதிரிமார் பலகாலம் கேட்டும் நடவாத ஒன்று, போர் என்னும் திரையின் பின்னே இரண்டு நாளில் நடந்து முடிந்தது. இடிப்பதற்கு வேலையாட்களும் காவலுக்குப் படைவீரரும் வந்தனர். அஞ்சிய மகாநாட்டார் பிள்ளையிடம் ஓடிவந்தனர். அவர் நகரத்தின் முதன்மைத் தமிழர், ஆளுநரின் காதுக்கு அண்மையில் இருப்பவர், அதே கடவுளை வணங்குபவர்.

அவர் என்ன செய்தார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். எதிர்த்துப் பயனில்லை, கோயிற் பொருள்களையும் திருவுருவங்களையும் பத்திரப்படுத்துங்கள் என்று அறிவுரை கூறினார். உங்களுக்குள் ஒற்றுமை இல்லை, ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பவர்கள் நீங்கள் என்று அவர்களைக் கடிந்தார். கருவறையில் நேர்ந்த அவமதிப்பைக் கேள்விப்பட்டு, எழுதக் கை கூசும் செய்திகளையும் எழுதினார். மதாம் துய்ப்ளெக்சையும் பாதிரிமாரையும் குற்றம் சாட்டினார். ஆளுநரிடம் நேரில் சென்று, இது தகாது என்று உரத்துச் சொன்ன சொல் மட்டும் அந்தப் பக்கங்களில் இல்லை.

அதன் அருகிலேயே மற்றொரு செய்தியையும் அவர் எழுதுகிறார். பள்ளிவாசல் ஒன்றையும் இடிக்க முற்பட்டபோது சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் ஆளுநரிடம் சென்று, அப்படி நேர்ந்தால் ஒரு சிப்பாயும் உயிரோடு இருக்கமாட்டான், அனைவரும் அங்கேயே போரிட்டு மடிவர் என்று கூறினார். ஆணை நிறுத்தப்பட்டது. பிள்ளை இதனை ஒரு சமயத்தாரோடு மற்றொரு சமயத்தாரை ஒப்பிடும் நோக்கில் எழுதினார் என்று கொள்வது மேலோட்டமான வாசிப்பு. ஆங்கிலேயர் மதிலுக்கு வெளியே நிற்கும்போது சிப்பாய்களின் துப்பாக்கி ஆளுநருக்கு வேண்டும். துபாசியின் மொழிபெயர்ப்பும் வேண்டியதுதான், ஆனால் அதற்கு வேறு ஆள் கிடைப்பான். பிள்ளையின் பகைவர் அன்னபூரண ஐயன் மதாமின் ஆதரவோடு அப்பதவிக்குக் காத்திருந்தார். பிள்ளைக்கு இது நன்றாகவே தெரியும். சிறையில் மாண்ட மாமனின் நினைவும் இருந்திருக்கும். இவை காரணங்கள். இவற்றைச் சொல்லி அவரை விடுவிக்கலாம், விடுவிக்காமலும் இருக்கலாம். தம்மைக் குற்றக்கூண்டில் நிறுத்தப் போதுமான சான்றுகளைத் தாமே திரட்டி எழுதி, கிழித்தெறியாமல் விட்டுச் சென்றிருக்கிறார் என்பதே முதன்மையானது. அந்தச் சில பக்கங்களை மறைத்திருந்தால் இன்று அவர் பெயர் இன்னும் தூய்மையாக இருந்திருக்கும். நமக்கு வரலாறு இருந்திராது.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. சாதிப் பற்று வரிக்கு வரி தெரியும். எளிய சாதியாரைப் பற்றி அவர் எழுதும் சொற்கள் இன்று படிக்கக் கூசுவன. பகைவரின் குற்றங்கள் விரிவாகவும் தம் வணிகத்தின் நெளிவுசுளிவுகள் சுருக்கமாகவும் வரும். சோதிடத்தில் நம்பிக்கை மிகுதி. தமக்கு நேர்ந்த நன்மைக்கெல்லாம் கிரகங்களே சாட்சி. மதாம் துய்ப்ளெக்ஸ் மீதான காழ்ப்பைக் கழித்தே அப்பகுதிகளைப் படிக்கவேண்டும். நீதிமன்றத்தில் ஒரு சாட்சியை எப்படி எடைபோடுவோமோ அப்படியே இவரையும் எடைபோட்டால் போதும், தள்ளிவிட வேண்டியதில்லை.

கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் மறைந்த பின், அடுத்த ஆண்டில் தலைமைத் துபாசி பதவி பிள்ளைக்கு வந்தது. 'ஆனந்தப் புரவி' என்னும் கப்பல் அவருக்கு உரியது. 1749-இல் முசாபர் சங் மூவாயிரம் குதிரைக்குரிய மன்சபு மதிப்பையும் விருதுகளையும் வழங்கினார். அந்தச் செல்வச் செழிப்பில் புலவர்கள் அவரை நாடினர். தியாகராய தேசிகர் தமிழில் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி 1752-இல் வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்பு இயற்றினார். கத்தூரிரங்க கவி தெலுங்கில் யாப்பு நூலொன்றை அவர் பெயரால் செய்தார். மூன்று மொழிகளில் அவர் பாட்டுடைத் தலைவர். ஒரு வேடிக்கை: இந்நூல்களில் வரும் ஆனந்தரங்கர் குறையில்லாதவர், அச்சமறியாதவர், கொடையில் கற்பகம். அவரே எழுதிய ஏட்டில் வருபவர் இரவில் தூக்கமின்றிப் பதவியைப் பற்றிக் கவலைப்படுபவர். புலவர் கண்ட தலைவனைவிடத் தலைவன் கண்ட தன்னுருவம் மெய்யாக நிற்கிறது. பாடுவோர்க்கு இதில் சிந்திக்க இடமுண்டு.

1749-இல் ஆம்பூரில் அன்வருதீன் வீழ்ந்தார். 1750 டிசம்பரில் நாசர் சங் தம் கூட்டத்தாராலேயே கொல்லப்பட்டார். சில வாரங்களில் முசாபர் சங்கும் மாண்டார். 1752-இல் சந்தா சாகிபுவின் தலை போயிற்று. போர் எங்கே முடிந்து கொலை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இயலாத ஆண்டுகள் இவை. 1754-இல் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். 1756-இல் பிள்ளையின் பதவியும் கைநழுவியது. உடல் நலிந்தது, வரவேண்டிய பணம் வரவில்லை. 1758-இல் வந்த லாலி வந்தவாசியில் 1760 சனவரி 22 அன்று தோற்ற பின் ஊரின் முடிவு உறுதியாயிற்று. அயர்கூட் நகரை வளைத்தார். உணவு தீர்ந்தது. 1761 சனவரி முதல் நாள் அடித்த புயல் ஆங்கிலேயரின் கப்பல்களைச் சிதைத்தும் பட்டினி தீரவில்லை. நகரம் பணிந்தது சனவரி நடுவில். அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே பிள்ளை கண்ணை மூடிவிட்டார். வெற்றி பெற்றவர்கள் மதிலையும் கோட்டையையும் மாளிகைகளையும் வெடிவைத்துத் தகர்த்ததை அவர் காணவில்லை.

ஏடுகள் குடும்பத்தாரிடம் உறங்கின. 1846-இல் அர்மான் கலுவா மொம்பிரேன் அவற்றைக் கண்டறிந்து படியெடுத்தார். மற்றொரு படி பாரிசுக்குச் சென்றது. 1894-இல் சூலியன் வின்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. முதலில் பிரைசும் இரங்காசாரியும், பின்னர் தாடுவெல்லும் அதன் பதிப்பாசிரியர்கள். தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948-இல். தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழன் தமிழில் படிக்க, ஆங்கிலன் படித்த பின் நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் எழுதப்பட்ட தமிழக வரலாறுகள் பலவும் பிள்ளையை ஆங்கிலத்தின் வழியாகவே மேற்கோள் காட்டின. நைனியப்பரின் வழக்கில் நேர்ந்த மொழிச்சிக்கல் மருகனின் ஏட்டையும் விடவில்லை!

பிற்காலத்தில் புதுவை மண்ணின் மைந்தர் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களில் இவ்வேடுகளுக்கு உயிர் கொடுத்தார். பின்னதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019-இல் மு. இராசேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன.

ஆனந்தரங்கரோடு எழுதும் வழக்கமும் ஓய்ந்துவிடவில்லை. 1778 முதல் 1792 வரை இரண்டாம் வீராநாயக்கர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். ஒர்சே மா. கோபாலகிருட்டிணன் 1992-இல் அதனைப் பதிப்பித்தார். வீராநாயக்கர் வகித்த பதவி நயினார். ஊர்க்காவலுக்குத் தலைவர், குற்றவாளிகளைப் பிடிப்பவர். அவருடைய குறிப்பு தொடங்கும் 1778-ஆம் ஆண்டே ஆங்கிலேயர் மறுபடியும் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்த ஆண்டு.